டார்ட் மாவுக்குப் பேஸ்ட்ரி கட்டர்: கம்பியா, பிளேடா?

டார்ட் (நடுவில் பூரணம் வைத்துச் சுடும் திறந்த பை) மாவில் வெண்ணெயை வெட்டிக் கலக்கும் கைக்கருவியான பேஸ்ட்ரி கட்டரில், கம்பி வைத்ததை வாங்குவதா, பிளேடு வைத்ததை வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள்; கம்பி வளைகிறது என்றும் சொல்லியிருந்தீர்கள். பிளேடு வைத்ததையே வாங்குங்கள். நீங்கள் சொன்ன மாதிரி, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயை அழுத்தினால் மெல்லிய கம்பி வளையத்தான் செய்யும். ஸ்டீல் பட்டைகள் நாலைந்து இருக்க வேண்டும், அழுத்தும்போது ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. கைப்பிடியில் ஆட்டமே இருக்கக் கூடாது.

ஆனால் வெண்ணெயை முழுக் கட்டியாகப் போடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. அப்படிப் போட்டால் பிளேடும் திணறும். 250 கிராம் மைதாவுக்கு 125 கிராம் வெண்ணெய் என்றால், அதை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, மாவில் புரட்டிவிட்டு, அப்புறம் கட்டரை இறக்குங்கள். நேராக அழுத்தி, லேசாகத் திருப்புங்கள். நடுவில் அடைத்துக்கொள்ளும் மாவை மழுங்கிய கத்தியால் வழித்துவிடுங்கள்; விரல் பட்டால் வெண்ணெய் இளகும்.

ஒரு துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் சரி. பளபளவென்று விரலில் பூசிக்கொண்டால், பாத்திரத்தோடு 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெயில் காலத்தில் இது நடுவில் ஒருமுறையாவது தேவைப்படும்.

பெரிய துண்டுகள் பட்டாணி அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து அதற்கு மேல் போகாதீர்கள். ஓவனில் அந்தத் துண்டுகள் உருகி, அவற்றின் ஈரம் ஆவியாகும்போதுதான் மாவு ஏடு ஏடாகப் பிரியும். ஐஸ் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விடுங்கள். புட்டு மாவு போலப் பிடித்தால் பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

நான்ஸ்டிக் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம், கீறிவிடும். முட்டை பஃப்ஸ் மாவுக்கு இந்தக் கட்டர் உதவாது; அது வெண்ணெயை வைத்து மடித்து மடித்துத் தேய்க்கும் வேலை.