கை எலும்பு முறிவு டிக்டேஷன்: காதில் விழாத சொற்கள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் வீட்டிலிருந்தே அமெரிக்க மருத்துவர்களின் டிக்டேஷனை (பேசிப் பதிந்த அறிக்கையை) கேட்டு அடிப்பவர்களின் கேள்விகள்.

மன்னார்குடி: அக்கா, "ஃபூஷ் இஞ்சுரி"ன்னு கேக்குது. டாக்டர் பேரா?

பேர் இல்ல தம்பி. 'ஃபால் ஆன் அவுட்ஸ்ட்ரெச்ட் ஹேண்ட்' என்பதன் சுருக்கம். சேத்து வரப்புல வழுக்குறப்போ உள்ளங்கைய ஊனி விழுவோமே, அதேதான். இது காதில் விழுந்ததும் டிஸ்டல் ரேடியஸ் (கட்டைவிரல் பக்க முன்கை எலும்பின் மணிக்கட்டு முனை), ஸ்காஃபாய்டு (மணிக்கட்டுச் சின்ன எலும்பு), ரேடியல் ஹெட் (அதே ரேடியஸின் முழங்கை முனை) மூன்றையும் எதிர்பார்த்துக் கேளுங்க. 'ஸ்னஃப்பாக்ஸ் டெண்டர்னஸ்' (கட்டைவிரல் அடிக்குழியில் அழுத்தினா வலி) வந்தா சந்தேகம் ஸ்காஃபாய்டு மேல. அங்கே ஸ்கேப்புலான்னு அடிச்சா மணிக்கட்டு வலி தோள்பட்டைக்கு ஏறிடும்.

கும்பகோணம்: "காலீஸ்", "கேலஸ்" ரெண்டும் ஒண்ணாவே கேக்குதே?

விழுந்து எத்தனை நாள் ஆச்சுன்னு பாருங்க. கேலஸ் என்பது முறிந்த இடத்தில் புதுசா வளருற எலும்பு. சில வாரம் கழிச்ச எக்ஸ்ரேயில்தான் தெரியும். விழுந்த அன்னைக்கே எமர்ஜென்சி ரிப்போர்ட்டில் வந்தால் அநேகமா காலீஸ் ஃப்ராக்சர்தான். 1814இல் அதை விவரித்த ஆபிரகாம் காலீஸ் பேர் அது. உடைந்த துண்டு புறங்கைப் பக்கம் தள்ளியிருக்கும், டாக்டர் 'டார்சல்' என்பார். 'வோலார்' என்றால் உள்ளங்கைப் பக்கம், அது ஸ்மித் ஃப்ராக்சர்.

மயிலாடுதுறை: மான்டேஜியாவா, கலியாட்சியா?

ரெண்டும் முன்கை முறிவு வகைதான். மான்டேஜியாவில் அல்னா (சுண்டுவிரல் பக்க முன்கை எலும்பு) உடையும், முழங்கையில் ரேடியல் ஹெட் விலகும். கலியாட்சியில் ரேடியஸ் உடையும், மணிக்கட்டு மூட்டு விலகும். பக்கத்திலேயே 'ட்ருஜ்' என்று கேட்டால் கலியாட்சி. ட்ருஜ் என்பது டிஸ்டல் ரேடியோஅல்னார் ஜாயின்ட், ரேடியஸும் அல்னாவும் மணிக்கட்டுப் பக்கம் சேருற மூட்டு.

திருவாரூர்: அப்டக்டர், அடக்டர் குழப்பம் தீரவே மாட்டேங்குது.

அப்டக்டர் விலக்குற தசை, அடக்டர் உள்ளே இழுக்குற தசை. கட்டைவிரல் தசைக்கு ஒரு வழி இருக்கு. 'பாலிசிஸ்'க்கு (கட்டைவிரலின்) அப்புறம் ப்ரெவிஸ் அல்லது லாங்கஸ் வந்தால் அது அப்டக்டர்தான். அடக்டர் பாலிசிஸ் தனியாத்தான் நிற்கும், வால் கிடையாது. தோள் அசைவு அளவில் இந்த உதவி கிடைக்காது. அங்கே சந்தேகம் வந்தா வெற்றிடம் விடுங்க.

தஞ்சாவூர்: எத்தனை தடவை கேட்டும் புரியலைன்னா?

ஒலிப்பதிவை ஓட்டுற கால் பெடல் பின்னோக்கிப் போறதை 2 வினாடிக்கு வைங்க, வேகத்தை 80 சதவீதமாக்குங்க. ரொம்பக் குறைச்சா குரல் இழுபட்டு மெய்யெழுத்தெல்லாம் கரைஞ்சிடும். மூணு தடவைக்கு மேல அங்கேயே நிக்காதீங்க. முழுசும் அடிச்சிட்டுத் திரும்பி வாங்க, கடைசி டயக்னோசிஸில் அதே சொல் தெளிவா வரும். அப்பவும் இல்லைன்னா கோடிட்டு, நிமிடம்-வினாடி போட்டு, கேட்ட ஒலியையும் எழுதி க்யூஏவுக்கு (தரம் சரிபார்ப்பவருக்கு) அனுப்புங்க.

எண்ணில் மட்டும் ஊகமே கூடாது. '15 டிகிரி ஆங்குலேஷன்' (எலும்பு வளைந்த கோணம்), '50' ஆனால் சிகிச்சையே மாறும். சில டாக்டர்கள் 'ஒன் ஃபைவ்' என்று பிரிச்சுச் சொல்வாங்க, அதையும் கவனிங்க. பரிசோதனையில் இடது கை, முடிவில் வலது கை என்று வந்தால் நீங்களாத் திருத்தாதீங்க. சொன்னபடியே ரெண்டையும் அடிச்சு, ரெண்டு இடத்தின் நேரத்தையும் குறிச்சு டாக்டருக்கே திருப்பணும்.