2014இல் வாங்கிய லேப்டாப்: ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றினால் ஓடுமா, புதிதே வாங்கிவிடலாமா?

ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது, கடையில் காட்டினால் "இது தேறாது" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் "தேறாது" என்ற சொல்லைப் பார்த்ததும்தான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதே சொல்லை, ஏறக்குறைய அதே லேப்டாப்புக்கு, நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஐடி ஆள் கிடையாது. கரூரில் வீட்டிலிருந்தபடியே நாலைந்து கடைகளுக்கும் சில தறிக்காரர்களுக்கும் டேலியில் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். கேமிங், வீடியோ எடிட்டிங் எதுவும் எனக்குத் தெரியாது. அந்த வேலைக்குக் கேட்கிறீர்கள் என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள். "நாலாம் தலைமுறை ஐ3 எல்லாம் ஒரு பிராசசரா" என்று கேட்க வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஐ3தான் என் மகளுக்கு மூன்று வருடம் ஸ்கூல் பீஸ் கட்டியது.

நீங்களும் என்னைப் போலத் தவணையில் வாங்கி, தவணை முடிந்த மாதமே அது நொண்ட ஆரம்பித்ததைப் பார்த்தவராக இருப்பீர்கள். எனக்கு 2022இல் நிலைமை முற்றியது. காலையில் பவர் பட்டனை அழுத்திவிட்டுப் பால் காய்ச்சி, டிகாக்ஷன் இறக்கி, காபி கலந்து, குடித்தும் முடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற நாளில் பரவாயில்லை. மாதம் 20ஆம் தேதி 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய நாளில் அப்படிச் சுற்றினால் நமக்கும் தலை சுற்றும்.

கடைக்குப் போனோம். நானும் வீட்டுக்காரரும். அவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். லேப்டாப்பில் பவர் பட்டன் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கடைப் பையனுக்கோ நான் அங்கே நிற்பதே தெரியவில்லை. கேள்வி கேட்டது நான், பதில் எல்லாம் அவருக்கு. "சார், மதர்போர்டு வீக் ஆயிருச்சு சார். இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்ச்ல ரெண்டாயிரத்து ஐந்நூறு போட்டுத் தர்றேன், புதுசு எடுத்துக்கங்க." ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. மூடியைத் திறந்து, விசைப்பலகையை ஒரு தட்டுத் தட்டி, மதர்போர்டு வீக். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவங்களைக் கேளுங்க, அவங்கதான் ஓட்டுறாங்க" என்றார். அதற்குப் பிறகும் அந்தப் பையன் அவரிடம்தான் பேசினான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். எல்லாரும் "ரேம் போடு, ரேம் போடு" என்றார்கள் என்று ஆன்லைனில் 8 ஜிபி ரேம் ஒன்றை ஆர்டர் செய்தேன். லேப்டாப்பில் இருந்தது டிடிஆர்3 என்ற ரேம் வகை, ஆன்லைன் கடையிலும் டிடிஆர்3, விலையும் குறைவு. அவ்வளவுதான் பார்த்தேன். என் லேப்டாப்பின் அடியில் ரேமுக்கென்று ஒரு சின்னக் கதவு இருந்தது, ஒரே திருகு. பழைய ரேமின் இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை வெளிப்பக்கம் தள்ளினால் அது சாய்வாக மேலே எழும்பும். புதியதை அதே சாய்வில் செருகிக் கீழே அழுத்தினேன். டக் என்று உட்கார்ந்தது. பட்டனை அழுத்தினேன். விசிறி ஓடுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கும்மிருட்டு. அன்றைக்குத் தேதி 18.

கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கை நடுங்கப் பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் உயிர் வந்தது. அப்புறம்தான் இரண்டு ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டிக்கரைப் படித்தேன். பழையதில் பிசி3எல்-12800 என்று இருந்தது. புதியதில் பிசி3-12800. நடுவில் ஓர் 'எல்' எழுத்து இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். இரண்டுக்கும் 204 பின்தான் (செருகும் விளிம்பில் இருக்கும் தொடுமுனைகள்), நடுவில் இருக்கும் வெட்டும் ஒரே இடம்தான், அதனால் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் நாலாம் தலைமுறையில் பெயர் 'யு' என்று முடிகிற இன்டெல் பிராசசர்கள் 1.35 வோல்ட்டுக்குத்தான் செய்யப்பட்டவை. என்னுடையது 4005யு. உங்களுடையதும் 2014 என்பதால் அநேகமாக அந்தக் குடும்பம்தான். எனவே எல் முக்கியம். டிடிஆர்4 ரேம் என்றால் அது 260 பின், உள்ளேயே நுழையாது. அந்தத் தப்பை நீங்கள் செய்ய முடியாது, நிம்மதி.

அந்த ரேமைத் திருப்பி அனுப்பிய கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்குப் பழைய எண், புதிய எண், தெருப் பெயர், எதிரில் இருக்கும் ரேஷன் கடை, பக்கத்துச் சந்தில் இருக்கும் வேப்ப மரம் எல்லாம் முகவரியில் எழுதியிருக்கிறேன். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டு வருவார். கூரியர் பையனோ தெருமுனையில் நின்றுகொண்டு போன் செய்வான்: "மேடம், லொகேஷன் அனுப்புங்க." முகவரி பொட்டலத்தின் மேலேயே இருக்கிறதே தம்பி என்றால், "அதெல்லாம் பார்க்க முடியாதுங்க மேடம்". லொகேஷன் அனுப்பினால் அது வேறொரு சந்தைக் காட்டும். மூன்றாவது நாள் நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன், போனில் செய்தி வருகிறது: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, கதவு பூட்டியிருந்தது. எந்த வீட்டுக் கதவு என்று இன்றுவரை தெரியவில்லை. பணம் திரும்பி வர பதினேழு நாள். சரி, விடுங்கள்.

அந்தப் பதினேழு நாளில் நடந்த ஒரே நல்லது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்பார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். லேப்டாப் திணறும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். எனக்கு மெமரி, அதாவது ரேம், எழுபது சதவீதம் சொச்சத்தில் இருந்தது, டிஸ்க் மட்டும் 100இல் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. குற்றவாளி ரேமே இல்லை! பழைய ஹார்ட் டிஸ்க் ஒரு தட்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதன் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் ஓடித் தேடும். ஒரே பெரிய பைலைப் படித்தால் வேகமாகத்தான் படிக்கும். விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி பைல்கள் கேட்கும். முள் ஓடியே களைத்துவிடும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் முள்ளும் கிடையாது, தட்டும் கிடையாது. மெமரி பக்கத்திலேயே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும். 2இல் 1 என்று காட்டினால் பழைய ரேமைத் தூக்கிப் போட வேண்டாம், பக்கத்தில் இன்னொன்றைச் செருகினால் போதும். நான் 8 ஜிபி ஒற்றை ரேம் வாங்கியதே தேவையில்லாத வேலை.

480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே செருகும் வகை), இரண்டரை அங்குலம், 7 மில்லிமீட்டர் தடிமன், மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். 2014 லேப்டாப் என்றால் பெரும்பாலும் இந்த வகைதான். பபுள்கம் பட்டை மாதிரி மெல்லிசாக இருக்கும் எம்.2 வகையை யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள், செருக இடமே இருக்காது.

திறக்கும் படலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஹார்ட் டிஸ்க் அந்தச் சின்னக் கதவுக்குப் பின்னால் இல்லை, அடிப்பலகை முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன், மிச்ச மின்சாரம் போகட்டும் என்று. திருகு எல்லாம் ஒரே நீளம் கிடையாது. குட்டைத் திருகு இருக்கும் இடத்தில் நீளத் திருகைப் போட்டு இறுக்கினால் மறுபக்கம் பலகையைக் குத்திவிடும். அதனால் குழிப்பணியாரச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். மேல்வரிசைத் திருகுக்கு ஒரு குழி, நடுவரிசைக்கு ஒரு குழி, டிவிடி டிரைவுக்கு அடியில் ஒளிந்திருந்த இரண்டு குட்டிகளுக்கு ஒரு குழி. இவர் சிரித்தார். ஆனால் பிளாஸ்டிக் விளிம்பைப் பிரிக்க ஆள் அவர்தான் வேண்டியிருந்தது. காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். ஒவ்வொரு கொக்கியும் விடும்போது டக், டக் என்று சத்தம். "ஏங்க, உடைஞ்சிருச்சா?" "இல்லம்மா, விடுது." இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

உள்ளே பார்த்ததும் லேப்டாப் ஏன் தோசைக்கல் மாதிரி சுட்டது என்று புரிந்தது. விசிறிக்கும் காற்று வெளியேறும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. தறி ஓடும் தெரு, வேறென்ன இருக்கும்? இடுக்கியால் பிடித்து இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வந்தது, விளக்குக்குத் திரி போடலாம். தூசி ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுழல விடாதீர்கள். இது எனக்குப் பட்டறைக்காரர் சொன்னது. பிராசசர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றியிருக்கலாம். எனக்குத் துணிச்சல் வரவில்லை, தொடவில்லை.

டிஸ்க் மாற்றுவது ஐந்து நிமிட வேலை. பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்யலாம், அதாவது முழு நகல் எடுக்கலாம் என்று நினைத்தேன். 500இல் இருந்து சின்னதான 480க்கு நேரடியாக எடுக்க என்னிடமிருந்த மென்பொருள் ஒப்பவில்லை. சரி என்று விண்டோஸ் 10ஐப் புதிதாகவே ஏற்றினேன். லைசென்ஸ் போய்விடும் என்று பயந்தேன், அது மதர்போர்டோடு ஒட்டியது என்பதால் தானாக ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஆனால் டேலி வைத்திருப்பவர்கள் கவனிக்க: டிஸ்கைக் கழற்றுவதற்கு முன்பே டேலிக்குள் போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். டேட்டா போல்டரை பென்டிரைவிலும் இன்னோர் இடத்திலும் எடுத்து வையுங்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனின் டிரைவரும், அந்தக் கையெழுத்தைப் போட உதவும் எம்சைனர் மென்பொருளும் மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். மற்ற எதை மறந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை வழக்கம்போலப் பட்டனை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போகத் திரும்பினேன். கடவுச்சொல் கேட்டு நின்றுகொண்டிருந்தது. 25 நொடி. அதற்கடுத்த மாதம் எல் போட்ட 4 ஜிபி ரேம் ஒன்றைக் காலி ஸ்லாட்டில் செருகினேன்; பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்திருக்கும்போது வித்தியாசம் தெரிந்தது, முதல் நாள் அதிர்ச்சி அளவுக்கு இல்லை. எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. பிராசசரை மாற்றலாமா என்று கேட்காதீர்கள், யு வகை பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தது. பேட்டரி மூன்றாம் வருடமே போய்விட்டது, நான் யுபிஎஸ்ஸில் ஓட்டுகிறேன்.

இப்போது உங்கள் விஷயம். 2022இல் நான் செய்த கணக்கு இன்று அப்படியே பொருந்தாது, அதை மறைக்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 உங்கள் ஐ3யை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கேட்கிறது. குறுக்கு வழி இருக்கிறது என்பார்கள், அடுத்தவர் கணக்கு வைத்திருக்கிற நான் அதில் இறங்க மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பிரவுசர், எழுத்து வேலை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் தாராளமாக நடக்கும். டேலி விண்டோஸைத்தான் கேட்கும். ரேம் விலையும் 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடக்கிறது.

அதனால் வங்கி, கணக்கு, ஆபீஸ் வேலைக்கு என்றால் புதிதுக்குச் சேர்க்க ஆரம்பியுங்கள். வீட்டில் படிக்க, எழுத, படம் பார்க்க என்றால் ஒரு எஸ்எஸ்டி மட்டும் போடுங்கள், ரேம் அப்புறம். அதற்கும் முன்னால் மூடியைத் திறந்து மூடிப் பார்த்து, ஹிஞ்ச் (மூடியின் கீல்) பக்கம் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ரேம் கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால் பழைய ரேமைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு எந்தக் கடையும் கமிஷன் தருவதில்லை, அதனால்தான் கடைப் பெயர் எதையும் சொல்லவில்லை.

அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மாடல் எண்ணைக் கீழே போடுங்கள், எந்த ரேம் என்று பார்த்துச் சொல்கிறேன். 18லிருந்து 20க்குள் போட்டால் மட்டும் பதில் வராது.