நகைக்கடன் ஏறிக்கொண்டே போகிறது. மரத் திட்டத்தில் பணம் போடலாமா?

கேள்வி: மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் முடித்து இரண்டு வருடமாக இந்திய வனப் பணி (ஐ.எஃப்.எஸ்.) தேர்வுக்குப் படிக்கிறேன். வயது 24. கல்விக்கடன் பாக்கி 4 லட்சம், வட்டி 10%, தவணை 5,800 ரூபாய். பயிற்சி வகுப்புக்காக அம்மாவின் நகையை 12% வட்டிக்கு 1,20,000 ரூபாய்க்கு வைத்தோம். வருடா வருடம் திருப்பி வைத்ததில் போன மாதம் 2,70,000 ஆகிவிட்டது. வங்கித் தவணையும் அதிலிருந்துதான். இப்போது கைக்கு வந்த பணத்தில் 50,000 ரூபாயை மகோகனித் திட்டத்தில் போடச் சொல்கிறார் மாமா. 12 வருடத்தில் மரத்துக்கு ஒரு லட்சமாம். போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஆனால் மாமாவின் திட்டத்தைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, நகையைத் திருப்பி வைக்கும் பழக்கம்தான்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். முதல் வருட வட்டி 14,400. அடுத்து 1,80,000-க்கு வைத்தபோது பழைய அசலும் வட்டியும் போக 45,600தான் கைக்கு வந்திருக்கும். போன மாதம் 2,70,000-க்கு வைத்ததில் கைக்கு வந்தது 68,400. மூன்று முறையும் சேர்த்து 2,34,000 வாங்கி, 2,70,000-க்குக் கடன்காரர் ஆகியிருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறுவதால் ஒவ்வொரு முறையும் கூடுதல் பணம் கிடைக்கிறது. அதனால் கடன் வளர்வது கண்ணில் படவில்லை. இந்த 68,400 ஒரு வருடத் தவணைக்கே போதாது. 10% கடனை 12% கடன் வாங்கி அடைக்கிறீர்கள். விலை இறங்கும் வருடத்தில் கூடுதல் பணம் கிடைக்காது, நகையும் கையில் இருக்காது.

கையில் உள்ளதில் இரண்டு தவணைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 55,000 ரூபாயை இந்த வாரமே நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். மாத வட்டி 2,700-லிருந்து 2,150 ஆகும். பிறகு வங்கிக்குப் போய், கல்விக்கடன் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுதிக் கொடுங்கள். 15 வருடம் கொடுத்தால் தவணை 4,300 அளவுக்கு இறங்கும். மொத்த வட்டி கூடத்தான் செய்யும். இப்போதைக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

அடுத்தது வேலை. தேர்வை விடச் சொல்லவில்லை. பொதுப் பிரிவினருக்கே 32 வயது வரை, 6 முறை எழுத வாய்ப்பு உண்டு. உங்களுக்கு வருடங்கள் இருக்கின்றன. ஆனால் 2022 முதல் 2025 வரை நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 150 இடங்கள்தான். அதை மட்டும் நம்பி அம்மாவின் நகையை வைக்கக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி.யின் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் தேர்வுகளையும் எழுதுங்கள். கோவை வன மரபியல் நிறுவனத்தின் ஆய்வுத் திட்டங்கள், காகித ஆலைகளின் சவுக்கு, தைலமரப் பண்ணைக் காடுகள் என்று உங்கள் படிப்புக்கு வேலை தரும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். மாதம் 18,000 வந்தாலும் வங்கிக்கு 4,300, நகைக்கு 5,650 என்று கட்டினால் நாலு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். களத்தில் பார்ப்பது வனவியல் தாளுக்கும் உதவும். நேர்முகத் தேர்வுக்குப் பிறகு வரும் 4 மணி நேர, 25 கிலோமீட்டர் நடைக்கும் கால் பழகியிருக்கும்.

மாமாவின் திட்டம் பற்றி நான் சொல்வதைவிட உங்கள் பாடமே அதிகம் சொல்லும். இளம் மகோகனியின் குருத்தைத் துளைப்பான் புழு குடைந்தால் நுனி கருகிப் பக்கக்கிளை வெடிக்கும், நேரான அடிமரம் போய்விடும். 12 வருடம் கழித்து அது எத்தனை கன அடி தேறும், எவ்வளவு வைரம் பாய்ந்திருக்கும் என்று இன்றே யாராலும் உறுதி தர முடியாது. 1990-களில் தேக்குத் திட்டங்களில் பணம் போட்டு இழந்த குடும்பங்கள் ஏராளம். பலரிடம் பணம் திரட்டி லாபம் தருவதாகச் சொல்லும் கூட்டு முதலீட்டுத் திட்டம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாமாவிடம் அந்தப் பதிவு எண்ணையும், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான வில்லங்கச் சான்றையும் கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டால், நகைக்கடன் ரசீதை அவர் முன்னால் வைத்து, இந்த 50,000-க்கு மாதம் 500 ரூபாய் வட்டி கட்டுவது அம்மா என்று சொல்லுங்கள்.