கேள்வி – பதில்: பண்ணைக் கோழிக்காகப் பேசப் போகிறவருக்கு

பண்ணை விலங்குகளின் நலன் குறித்து வந்த கடிதங்களுள் ஐந்துக்கு, கால்நடை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

ஐயா, காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது, கால்களைச் சேர்த்துக் கட்டிய கறிக்கோழிகளை இரு சக்கர வண்டியின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் பண்ணை விலங்குகளுக்காகத் தன்னார்வலராகப் பிரசாரம் செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
*– கல்லூரி மாணவி, ஈரோடு*

அந்த இரு சக்கர வண்டியிலேயே தொடங்குங்கள். புதிதாக வரும் தன்னார்வலர்கள் பெரும்பாலும் லட்சம் கோழிகள் உள்ள பண்ணையைக் குறிவைத்து, வாசல் காவலாளியைத் தாண்ட முடியாமல், இரண்டே மாதத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த கொடுமையை நிறுத்துவதற்கு யாருடைய பிழைப்பும் கெட வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் கூடை போதும்.

பறவைகளுக்கு நம்மைப்போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிடையாது. ஆகவே தலைகீழாகத் தொங்கும் கோழியின் குடலும் ஈரலும் அதன் காற்றுப் பைகளின் மீது சரிந்து அழுத்த, அது மூச்சுக்குத் திணறிக்கொண்டேதான் கடை வந்து சேர்கிறது. தொடை மூட்டு நழுவுவதும் உண்டு. தேவையற்ற வேதனை தரும் வகையில் விலங்கை எடுத்துச் செல்வது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தப் பிரிவு விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அரைக் கிலோ கறி விலைகூட இல்லாத அபராதத்துக்காக எந்தக் காவலரும் வண்டியை மறித்து வழக்கு எழுதப்போவதில்லை என்பதால், சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காலால் கடைக்கு நடப்பதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கடைக்காரர் கத்தியும் கையுமாக நிற்கும்போது போய்ப் பேசாதீர்கள். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் போங்கள். கட்டித் தொங்கவிட்ட கோழியின் தொடையில் இரத்தம் கன்றிப்போவதையும், வழியில் செத்துப்போகும் கோழி அவருக்கே நட்டம் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். வள்ளலாரையும் மனுநீதிச் சோழனையும் மேடையில் பேசினால் கைதட்டல் கிடைக்கும். கறிக்கடையில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் தனக்குப் பாடம் எடுக்க வந்திருப்பதாகவே கடைக்காரர் நினைப்பார். உங்கள் பகுதியில் நான்கு கடைகள் கூடைக்கு மாறிய பிறகு, கறிக்கடை உரிமத்தின் நிபந்தனைகளில் இதையும் சேர்க்கும்படி உள்ளாட்சி நிர்வாகத்திடம் மனுக் கொடுங்கள். நான்கு கடைகளால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது என்ற கேள்விக்கு அப்போது அதிகாரிகளிடம் பதில் இருக்காது.

இன்னொன்றும் செய்யலாம். மாவட்டந்தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் அமைக்கப்பட வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. உங்கள் மாவட்டச் சங்கம் கடந்த ஓராண்டில் எத்தனை முறை கூடியது, என்ன தீர்மானித்தது என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எடுத்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள்.

1960ஆம் ஆண்டின் அந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே ஒருவருடைய விடாமுயற்சியால் வந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அதற்கு வித்து. 1962இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவராகவும் இருந்தார்.

நான் 20 ஆண்டுகளாக முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் கைப்பேசியோடு வந்து, கூண்டைப் படமெடுத்து, எங்களைக் கொடுமைக்காரர்கள் என்கிறார்கள். தீவன விலை ஏறினாலும் முட்டை விலை ஏறுவதில்லை. எங்கள் கணக்கை யார் பார்ப்பது?
*– பண்ணையாளர், நாமக்கல் மாவட்டம்*

உங்கள் கோபம் நியாயமானது. கூண்டு முறை, யாரையும் வதைப்பதற்காக வந்ததில்லை. எச்சத்திலிருந்து கோழியைப் பிரித்து வைப்பதால் இரத்தக்கழிச்சல் குறைகிறது, முட்டை சுத்தமாகக் கிடைக்கிறது, தீவனம் சிந்துவதில்லை, ஓர் ஆளால் பல ஆயிரம் கோழிகளைப் பார்த்துக்கொள்ள முடிகிறது. மக்காச்சோள விலையும் சோயா விலையும் உங்கள் கையில் இல்லை. முட்டையின் அன்றாட விலையும் உங்கள் தனிக் கையில் இல்லை. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பண்ணைக்குள் அத்துமீறி நுழைந்து படமெடுப்பவர்களை நான் தன்னார்வலர்கள் என்று சொல்லமாட்டேன். நோய்த் தடுப்பு நோக்கில் பார்த்தாலும் அது பெரும் தவறு.

ஆனாலும் ஒன்றை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பணியில் இருந்த காலத்தில், முட்டைப் பருவம் முடிந்து கறிக்கு ஏற்றிய கழிவுக்கோழிகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நகங்கள் நீண்டு வளைந்திருந்தன. கழுத்தில் இறகு இல்லை. சிறுவயதில் சூட்டுக் கத்தியால் வெட்டிய அலகு மழுங்கியிருந்தது. முற்றத்தில் இறக்கிவிட்டபோது அது நடக்கவில்லை. வைத்த இடத்திலேயே, தரையை நம்பாததுபோல் குந்தியது. மூன்றாம் நாள் பிற்பகல், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் கிடந்த புழுதியில் பக்கவாட்டில் சாய்ந்து, காலால் மண்ணை வாரி இறகுக்குள் போட்டு உதறிக்கொண்டிருந்தது. எழுபது வாரத்துக்கு மேல் கம்பியின் மீதே நின்ற கோழிக்கு மண்குளியலை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அந்த ஆசை கூண்டுக்குள்ளும் அதனிடம் இருந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அத்தனை ஆண்டுகள் தடுப்பூசி போட்டவனுக்கு அதுவரை உறைக்கவில்லை.

ஓர் ஏ4 தாளின் பரப்பு சுமார் 620 சதுர சென்டிமீட்டர். நம் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நடமாடப் போதிய நீள, அகல, உயரம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பதையும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் அதே 11ஆவது பிரிவு குற்றம் என்கிறது. சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பையும் போக்குவரத்தையும் பற்றியே எழுதியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரே நாளில் கூண்டைக் கழற்றச் சொல்லவில்லை. அடுத்த கொட்டகை கட்டும்போது, ஒரு கூண்டில் ஒரு கோழியைக் குறைக்க முடியுமா, சிறு கொட்டகை ஒன்றைக் கூண்டில்லாமல், தரையில் உமி போன்ற கூளத்தைப் பரப்பிக் கோழிகளை விடும் ஆழ்கூள முறையில் நடத்திப் பார்க்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள்.

தன்னார்வலர்களுக்கும் இதில் வேலை உண்டு. கூடுதல் இடத்துக்கான செலவைத் தர வேண்டியவர்கள் வாங்குபவர்கள். எனவே பிரசாரம் உணவகத்திடமும், விடுதியிடமும், நகரத்து வாடிக்கையாளரிடமும் முதலில் நடக்க வேண்டும். பள்ளிச் சத்துணவு முட்டையில் கைவைக்கும் முன் மட்டும் பத்து முறை யோசியுங்கள். விலை ஏறி, குழந்தையின் தட்டில் ஒரு முட்டை குறையுமானால், அந்தக் கோரிக்கையை நானே எதிர்ப்பேன்.

நான் அசைவம் சாப்பிடுபவன். இந்தப் பிரசாரத்தில் சேர எனக்குத் தகுதி உண்டா?
*– வாசகர், மதுரை*

உண்டு. கறி தின்பவர் ‘இப்படி அடைக்காதே, இப்படித் தூக்காதே’ என்று சொன்னால் கடைக்காரர் காது கொடுத்துக் கேட்பார். இதைச் சைவ, அசைவச் சண்டையாக்கினால், அடுத்த நிமிடமே பேச்சு சாதிக்கும் மதத்துக்கும் போய்விடும். கோழி கூண்டிலேயே கிடக்கும்.

இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்துவதால் ஏதாவது பயன் உண்டா?
*– வாசகி, சென்னை*

ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த வசதியும் இல்லாத வெற்றுக் கூண்டுகளை ஒழிக்க ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் சட்டம் இயற்றியது. பண்ணையாளர்களுக்கு அவகாசம் தந்து, 2012 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு எல்லா வகைக் கூண்டுகளையும் ஒழிக்கக் கோரி 2018இல் தொடங்கிய மக்கள் முன்னெடுப்பில் சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்திட்டனர். 2023ஆம் ஆண்டு இறுதிக்குள் சட்ட முன்மொழிவைக் கொண்டுவருவதாக ஐரோப்பிய ஆணையம் 2021இல் வாக்களித்தது. அந்தக் கெடு முன்மொழிவு வராமலே கடந்துபோனது. முறையான, சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டிய கையெழுத்துகளுக்கே இந்தக் கதி. நம் ஊரில் கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு உறங்கப் போவதைவிட, ஊரும் பெயரும் முகவரியும் உள்ள 50 பேர் கையெழுத்திட்ட காகித மனு, கோப்பில் ஓர் எண் பெற்று உயிரோடு இருக்கும்.

இரவில் மாடுகளை அடைத்துக்கொண்டு போகும் லாரிகளை மறித்து நிறுத்தலாமா?
*– வாசகர், பொள்ளாச்சி*

கூடாது. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்றும், பயணத்துக்குத் தகுதி உள்ளவை என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும் என்றும் 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதைச் சோதிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. மேலும், நெடுஞ்சாலையில் லாரியை மறிப்பவர்களில் சிலர் மாட்டைப் பார்ப்பதற்கு முன் ஓட்டுநரின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். வண்டி எண், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 100க்கு அழைத்துச் சொல்லுங்கள்.

அழைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒருமுறை பிடிபட்ட பதினேழு மாடுகளை, வழக்கு முடியும் வரை யார் வைத்துக்கொள்வது என்று முடிவாகாமல், ஒரு காவல் நிலையத்துப் புளியமரத்தடியில் மாலைவரை கட்டிப்போட்டிருந்தார்கள். புகார் கொடுத்தவர் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போனபோது அங்கே ஒரு வாளித் தண்ணீர்கூட இல்லை. உங்கள் பகுதியில் அப்படிப் பிடிபடும் மாடுகளை அன்றிரவே ஏற்று, தண்ணீரும் வைக்கோலும் தரக்கூடிய தொழுவம் எது என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.