சேப்பாக்கத்தில் மேட்ச்: எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: ஐ.பி.எல். மேட்ச் பார்க்கக் குடும்பத்தோடு சென்னை வருகிறோம். இரவு 7.30-க்கு ஆட்டம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? – வாசகர், திருச்சி

வெளிச் சாப்பாட்டையும் தண்ணீர் பாட்டிலையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் வயிற்றை நிரப்பிக்கொண்டே உள்ளே போங்கள். மாலை நாலரைக்கு திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு இட்லி, அது மூழ்கும்வரை சாம்பார்; ஸ்பூனால் உடைத்து இரண்டு நிமிடம் ஊறவிட்டால்தான் ருசி. குறைந்தால் தயங்காமல் கேளுங்கள், மறுபடி ஊற்றுவார்கள். பார்சல் வேண்டாம், கூழாகிவிடும். பிறகு ஒரு ஃபில்டர் காபி. அங்கிருந்து மைதானம் நடக்கிற தூரம்தான். ஐந்தரைக்கு மேல் கஃபேக்குப் போனால் ஜெர்சிக் கூட்டத்தில் இடம் கிடைப்பது சிரமம்.

மைதானத்துக்குள் விலை அதிகம். இடைவேளை 20 நிமிடம்தான். எல்லோரும் அப்போதுதான் எழுவார்கள். 16-வது ஓவரிலேயே ஒருவர் போய் வாங்கி வருவது நல்லது. குழந்தைகளுக்குத் தண்ணீர் முதலில்.

கேள்வி: ஆட்டம் முடிந்த பிறகு? – அதே வாசகர்

பதினொன்றரை ஆகிவிடும். சைவ ஓட்டல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். திருவல்லிக்கேணி பிரியாணிக் கடைகள்தான் கைகொடுக்கும். சைவக்காரர்கள் அறையில் பழம், ரொட்டி வாங்கி வைத்துவிட்டு வாருங்கள். மது அருந்த நினைப்பவர்களுக்கு: டாஸ்மாக் இரவு 10 மணிக்கே மூடிவிடும். ஆட்டத்துக்கு முன்பே குடித்துவிட்டு வந்தால் கையில் டிக்கெட் இருந்தாலும் மைதான வாசலில் திருப்பி அனுப்பலாம்.