நாலு வாரம் மணிக்கணக்கு எழுதுங்கள், ஆச்சி

வணக்கம் ஆச்சி.

சனிக்கிழமை வந்தபோது நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "ஆன்லைன்ல படிச்ச பட்டம் செல்லுமா, செல்லாதா?" உங்கள் கொழுந்தனார் செல்லவே செல்லாது என்கிறார். காரைக்குடியில் நீங்கள் பார்த்த ஏஜென்ட், தாராளமாகச் செல்லும், அதுவும் ஒரே வருடத்தில் பி.காம். வாங்கித் தருகிறேன் என்கிறார். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் உங்களை அரைகுறைப் பதிலோடு அனுப்பிவிட்டேன். அந்தக் குறை தீர இதை எழுதுகிறேன். பட்டம் படிக்கப்போகிற உங்கள் மகனிடமும் படிக்கக் கொடுங்கள்; அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன்.

கொழுந்தனார் சொல்வது பழைய நிலவரம். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு, 2020-ல் தொலைநிலைக் கல்விக்கும் ஆன்லைன் கல்விக்கும் சேர்த்து ஒரு விதிமுறை கொண்டுவந்தது. அதன்படி, அனுமதி உள்ள பல்கலைக்கழகம் அனுமதி உள்ள படிப்பில் தரும் ஆன்லைன் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் இதைத் தனி அறிவிப்பாகவும் மறுபடி சொன்னார்கள். அதை வைத்து வங்கித் தேர்வு எழுதலாம், டிஎன்பிஎஸ்சி எழுதலாம், மேலே எம்.காம். சேரலாம். எந்த முறையில் படித்தது என்பது சான்றிதழில் இருக்கும். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் போடலாமா என்று எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே கேட்டீர்களே, போடலாம். பத்திரிகையில் யாரும் ஆன்லைன், ஆஃப்லைன் என்று போடுவதில்லை.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடப் பட்டத்தை ஒரே வருடத்தில் தர எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் வழி கிடையாது. அப்படிச் சொல்பவர் பழைய தேதி போட்ட காகிதத்தைத்தான் விற்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பு வரும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். அதோடு, பட்டப் படிப்பைக் கிளை பிடித்து நடத்தும் உரிமையை வெளியாளுக்குக் கொடுக்கவே யுஜிசி அனுமதிப்பதில்லை. பணம் எப்போதும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். "மாதத் தவணைதான், வட்டி கிடையாது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால், அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் தம்பி பெயரில் எடுக்கும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை விடாது. வட்டிக் கணக்கு பற்றி உங்கள் வீட்டுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதிப் பட்டியல் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. தம்பி சேரப்போகிற படிப்பும், அவன் சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் பி.காம். இருக்கும், வேறொன்று இருக்காது. பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் எல்லாம் இந்த வழியில் கிடையவே கிடையாது. உங்கள் மகள் சைக்காலஜி படிக்க ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். அதையும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து ஆன்லைனிலும் தொலைநிலையிலும் நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் கல்லூரிதான்.

இதுவரை எழுதியது எல்லாம் ஒரு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். என்னுடைய கவலை வேறு. தம்பிக்கு நேரம் இருக்கிறதா?

தொலைநிலைக் கல்விக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று வருட இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். பெருக்கினால் 3,600 மணி நேரம். 156 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 23 மணி நேரம். இதை நான் சொன்னவுடன் தம்பி முகம் சுருங்கியதைக் கவனித்தேன். காகிதக் கணக்கு அது. பிளஸ் டூவில் காமர்ஸ் படித்து, அரிசி மில்லில் தினம் டேலி என்கிற கணக்கு மென்பொருளில் பில் போடுகிற பையனுக்குக் கணக்கியல் பேப்பர்களில் பாதி ஏற்கெனவே கைவந்த வேலை. என் அனுபவத்தில், வாரம் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் உட்காருகிறவர்கள் கரையேறிவிடுகிறார்கள். பத்துக்குக் கீழே போனால் அரியர் சேர ஆரம்பிக்கும். அரியர் மூன்றைத் தாண்டினால் படிப்பு பற்றி வீட்டில் யாரும் பேசாமல் ஆகிவிடும்.

உங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழிலுக்குப் போனவர், கடைநிலையில் பெட்டியடிப் பையனாகப் போய் மேலாளுக்கு அடுத்த இடமான அடுத்தாளாக உயர்ந்தவர், "அவுக வேலை பார்த்துக்கிட்டே படிக்கலையா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்களுக்கு வேலையே படிப்பு. பகலில் எழுதின பேரேடுதான் ராத்திரிப் பாடமும். தம்பிக்கு அப்படி இல்லை. பகல் முழுக்க எடைமேடையும் லோடு கணக்கும். ராத்திரி வணிகச் சட்டமும் பொருளாதாரமும். இரண்டுக்கும் நடுவில் புதுவயலிலிருந்து கோட்டையூருக்கு பைக்கில் வரவேண்டும், சாப்பிட வேண்டும், போனைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருக்க இருபத்தொரு வயதுப் பையனால் முடியாது.

ஆனால் ஐயா காலத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அன்றாடம் எழுதும் குறிப்பு. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். நாலு வாரம், தினம் ராத்திரி படுக்கும் முன் இன்றைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து படிக்க முடிந்திருக்கும் என்று இல்லை, உண்மையிலேயே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான் என்று எழுதட்டும். படிப்பதற்கு என்ன? ஸ்வயம் என்று மத்திய அரசின் இலவசப் பாடத் தளம் 2017 முதல் இருக்கிறது. அதில் கணக்கியல் பாடம் ஒன்றில் சேரட்டும். பார்க்கக் காசு கிடையாது. தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம். ஆன்லைன் படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் ஒத்திகை. வீடியோ, குறிப்புகள், வாராவாரம் ஒப்படைப்பு, கேள்வி கேட்க ஒரு விவாதப் பகுதி. உண்மையான பட்டப் படிப்பிலும் இதே நாலும்தான்.

நாலு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரம் சேர்ந்தால் பேசலாம். முப்பதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் கட்ட வேண்டாம், முதலில் நேரத்துக்கு வழி பார்ப்போம்.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், நானும் இப்படிப் படித்து அடி வாங்கியவன். ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் சேர்ந்தேன். கடையில் தீபாவளி வியாபாரம் முடிந்து மூச்சு விடுவதற்குள் தேர்வு வந்துவிட்டது. ஐந்து பேப்பரில் மூன்று போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியவில்லை. தீபாவளி ஐப்பசியில் வரும் என்பது சேரும்போதே எனக்குத் தெரியாதா என்ன?

தம்பிக்குத் தீபாவளி என்பது தை, மாசி. சம்பா அறுவடை வந்து மில்லில் லோடு இறங்க ஆரம்பித்தால் ராத்திரி பத்து மணியாகும் என்று அவனே சொன்னான். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிற வழக்கமும் உண்டு, அதை விடமாட்டான், விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஆன்லைன் படிப்புக்கு வருடத்தில் இரண்டு தடவை சேர்க்கை நடக்கும், ஜனவரி–பிப்ரவரியிலும் ஜூலை–ஆகஸ்டிலும். "ஜனவரியில் சேர்ந்தால்தான் சீட்டு" என்று ஏஜென்ட் அவசரப்படுத்துகிறார். என் யோசனை, ஜனவரி வேண்டாம். முதல் செமஸ்டரே அறுவடையோடு மோதினால் பையன் மனசு விட்டுப்போகும். ஜூலையில் சேரட்டும். ஆறு மாதம் தள்ளிப் போகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். இருபத்து நாலரை வயதில் பட்டம் கையில் வந்தாலும், வங்கிக் கிளார்க் தேர்வுக்கு இருபத்தெட்டு வரை வயது வரம்பு இருக்கிறது.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை என்றான். சொல்லிவிடட்டும். ஒளித்துப் படிக்கிறவர்கள் தேர்வு நாளில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டு, இரண்டு செமஸ்டரில் பாட்டிகள் தீர்ந்துபோய் மாட்டிக்கொள்வார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பவும், தேர்வு வாரத்தில் லீவும் கேட்கட்டும். பதிலுக்கு ஜிஎஸ்டி தாக்கல் வேலையைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லலாம். மில்லுக்கும் லாபம், அவன் பாடத்துக்கும் அது உதவும்.

அப்புறம், எதற்காகப் பட்டம்? இதில் நீங்களும் அவனும் வேறு வேறு திசையில் பார்க்கிறீர்கள். உங்களுக்கு அரசு வேலை ஆசை. அவனுக்குச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. அதைப் பொறுத்துப் படிப்பின் மொழியே மாறும். அவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவன். டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் கேட்கும் பதவி என்றால் பள்ளிப் படிப்போடு பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஆன்லைன் பி.காம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதில் சேர்ந்தால் குரூப் 2 போன்ற தேர்வுகளில் அந்தச் சலுகையை அவன் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் குரூப் 4-க்கு அந்தச் சிக்கல் இல்லை. கம்பெனி வேலைதான் என்று முடிவானால் ஆங்கிலமே நல்லது, கொஞ்சம் கஷ்டப்பட்டாலும். இந்த ஒன்றை அம்மாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசாமல் விண்ணப்பம் போடாதீர்கள். அரசு வேலைப் பக்கம் சாய்ந்தால், தொலைநிலையில் தமிழ் வழியில் என்ன கிடைக்கிறது என்று அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு, டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் ஒதுக்கீட்டுப் பகுதியை வரி விடாமல் படியுங்கள். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் கட்டின படிப்பு ஊர் அது. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஐஐடி மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயின்ஸ் பட்டம் பற்றியும் கேட்டான். 2020-ல் தொடங்கியது, ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. நல்ல படிப்பு. ஆனால் நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும், அப்புறமும் ஒவ்வொரு பருவத்திலும் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். ஒரு பாடத்துக்கே வாரம் பத்து மணி நேரம் போகும். மில் வேலையோடு இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைஃபை பெட்டி முகப்பில் இருக்கிறது, தம்பி படுப்பது இரண்டாம் கட்டில். அந்தச் சுவரைத் தாண்டிப் பட்டாலைக் கூடத்துக்கே சிக்னல் வருவதில்லை என்றான். தேர்வை வீட்டிலிருந்து எழுதும் முறை என்றால் கேமரா முன்னால், கதவடைத்த அறையில், ஆள் நடமாட்டம் இல்லாமல் உட்கார வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் பெரிய தலைவலி. டிசம்பரில் தேர்வு வரும் நேரம் பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வீட்டு வளவில் கூடுவார்கள். யாராவது நோன்புச் சடங்கான இழை எடுத்துக்கொள்ளக் கூப்பிட வந்து கதவைத் தட்டினால் கண்காணிப்பாளருக்கு அதை விளக்கிச் சொல்ல முடியாது. ஒரு ஓர அறைக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்துவிடுங்கள். சேரும்போதே, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதும் வசதி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், பலர் இதில்தான் இடறுகிறார்கள். 2024-லிருந்து இந்தப் படிப்புகளில் சேர, யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் டெப் ஐடி என்று ஓர் எண் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால், படித்த கிரெடிட்கள் சேரும் கணக்கின் எண்ணான ஏபிசி ஐடி வேண்டும், அது ஆதாரோடு சேர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விலாசமே, அதாவது இனிஷியலே, மூன்று நாலு எழுத்து நீளும். மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இனிஷியல், ஆதாரில் அப்பச்சி பெயர் முழுசாக, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. மூன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் மார்க் ஷீட்டில் இருக்கிறபடி ஆதாரை இப்போதே திருத்திவிடலாம், ஜூலை வரை நாள் இருக்கிறது. அந்த எண்ணைத் தம்பியே, அவன் சொந்த போன் நம்பரில் எடுக்கட்டும். ஏஜென்ட் போனில் எடுத்தால் அப்புறம் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும்.

நாலு வாரம் கழித்து வாருங்கள். நோட்டு, மார்க் ஷீட், ஆதார் மூன்றையும் தம்பி கையில் கொடுத்து அவனைத் தனியாக அனுப்பினாலும் சரிதான். ஞாயிறு காலையில் வரச் சொல்லுங்கள், அன்றைக்குக் கூட்டம் இருக்காது.