ஹொக்கே என்றால் சம்மதமா?
(ரங்கூன் பெரியவர் பதில்கள்)

கேள்வி: ஐயா, நான் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. முதலாளியம்மா பர்மாக்காரர். அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால், "எதற்கெடுத்தாலும் மாட்டேன் என்கிறாள்" என்று மற்றப் பெண்களிடம் சொல்கிறாராம். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.
– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: வாயால் சொல்லவில்லை மகளே, கழுத்தால் சொல்லியிருக்கிறாய். கண்ணாடி முன்னால் நின்று "சரிங்க" என்று சொல்லிப் பார். தலை மேலும் கீழும் போகாது. காது தோளைத் தேடுகிற மாதிரி இரண்டு பக்கமும் சாயும். நமக்கு அந்த ஒரு ஆட்டலிலேயே "சரி", "கேட்டுக்கிட்டிருக்கேன்", "பார்க்கலாம்" மூன்றும் அடக்கம். எது என்பதைப் புருவத்தையும் உதட்டையும் பார்த்துப் பிரித்துக்கொள்வோம். பர்மியர் "இல்லை" என்பதற்குத்தான் தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள். அவர் "இந்த ஜவுளியை மேல்தட்டில் அடுக்கு" என்கிறார், நீ ஆட்டுகிறாய், அவர் கண்ணுக்கு அது "முடியாது".

அவர் சொல்வதைக் கேட்கும்போது "ஹொக்கே ஷின்" (ஆமாங்க, கேட்கிறேன்) என்று சொல், தலையைக் கொஞ்சம் குனி. வேலையை ஏற்றுக்கொள்ளும்போது "செய்து தருகிறேன்" என்று பர்மியில் முழு வாக்கியமாகச் சொல்லிவிடு. கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, "அமா (அக்கா), எங்க ஆளுங்க இப்படி ஆட்டினா சரின்னு அர்த்தம்" என்று ஆட்டியும் காட்டு. சிரித்துவிடுவார். பழக்கம் ஒரேயடியாகப் போய்விடாது. எனக்கு எழுபது ஆகிறது, இன்னும் போனில் பேசும்போதுகூட தலை ஆடுகிறது. யாருக்குத் தெரியப்போகிறதென்று என் வீட்டுக்காரி கேட்பாள்.

கேள்வி: என் மகன் பர்மாப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். தங்கமான பெண். ஆனால் நான் எதைப் பரிமாறினாலும், "போதும் அமே, வேண்டாம்" என்கிறாள். ராத்திரி அடுப்படியில் தனியாக பிஸ்கட் தின்பதைப் பார்த்தேன். என் சமையல் பிடிக்கவில்லையா, என்னையே பிடிக்கவில்லையா?
– ஒரு தாய், பெகு

பதில்: இரண்டும் இல்லை அம்மா. அதற்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது: ஆநாதே. இத்தனை காலம் இங்கே வாழ்கிற உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. "ஆ" என்றால் பலம், "நா" என்றால் நோவு. நம் "நோ" அங்கேயும் போய்விட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு; மொழி படித்தவர்கள் அடிக்க வராதீர்கள். இன்னொருவருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ, அவர் முகம் வாடிவிடுமோ என்று உள்ளுக்குள் இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான் ஆநாதே. கூச்சம் என்றால் பாதிதான் வரும். சங்கடம் என்று சேர்த்துச் சொன்னால் முக்கால் வரும்.

உங்கள் வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். அவள் உட்கார்ந்திருக்கிறாள், நீங்கள் கரண்டியோடு நிற்கிறீர்கள். நம் ஊர் வழக்கத்தில் அது பாசம். அவள் பிறந்த வீட்டில் கறி, சூப்பு, ஙப்பி என்கிற மீன் விழுது எல்லாம் நடுவில் இருக்கும், ஆளாளுக்கு எடுத்துக்கொள்வார்கள். முதல் கரண்டியை மூத்தவர் தட்டில் வைத்துவிட்டுத்தான் சின்னவர்கள் கை வைப்பார்கள். இங்கே மாமியார் நிற்கிறார், தான் தின்கிறோம் என்றால் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்குமா?

குழம்பை நடுவில் வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். அவள் முதல் கரண்டியை உங்கள் தட்டில் வைப்பாள், தடுக்காதீர்கள். "வேணுமா?" என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள், அதற்கு "வேண்டாம்" ஒன்றுதான் பதில். "மீனா, கத்தரிக்காயா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்னும்போது கையையும் கவனியுங்கள். தட்டின் மேல் கை விரிந்து மூடினால் வயிறு நிறைந்திருக்கிறது. கை மடியிலேயே கிடந்து வாய் மட்டும் வேண்டாம் என்றால் பசி பாக்கி இருக்கிறது. வள்ளுவர் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம் வைத்தார், 71 அமைச்சருக்கு, 110 காதலர்களுக்கு. மாமியாருக்கென்று ஒன்று வைக்காமல் போய்விட்டார்.

கேள்வி: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மிச்சம் 93ம் குரலும் உடல்மொழியும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவன், ரங்கூன்

பதில்: அந்த வகுப்பை வாயைத் திறக்காமல் நடத்திக் காட்டச் சொல்லியிருக்கலாம் தம்பி. அந்தக் கணக்கு அமெரிக்காவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒன்றில், "இருக்கலாம்" என்ற பொருளுள்ள ஒற்றைச் சொல்லைப் பலவிதக் குரலில் பதிவு செய்து, முகப் படங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். பேசுகிறவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று ஊகிக்க வேண்டும். சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்ற கணக்கு அதற்குத்தான், எல்லாப் பேச்சுக்கும் அல்ல. மெஹ்ராபியனே அதைச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஊரில் அந்தக் கணக்கு இன்னும் குழம்பும். "ஙா" என்று உயர்த்தி இழுத்தால் மீன். அதே ஒலிதான் ஐந்துக்கும். தாழ்த்திச் சொன்னால் "நான்". இங்கே குரலே சொல்லாக இருக்கும்போது அதை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பார்கள்?

கேள்வி: சந்தையில் காசு கொடுத்தால் சில கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்களே?
– புதிதாக வந்தவன்

பதில்: இடது கையால் நீட்டியிருப்பீர்கள், இல்லாவிட்டால் தட்டில் எறிந்திருப்பீர்கள். வலது கையால் கொடுங்கள், இடது கை வலது முழங்கையைத் தொட்டிருக்கட்டும். அவருடைய பிள்ளையின் தலையைத் தடவிக் கொஞ்ச வேண்டாம். உட்காரும்போது காலை யார் பக்கமும் நீட்டாதீர்கள்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா?
– குசும்பு வாசகர்

பதில்: இளவயதில் ஒரு பருப்புத் தரகுக்கடையில் கணக்கெழுதினேன். ஒருநாள் முதலாளி ஊரில் இல்லை. ஒரு பர்மிய வியாபாரியிடம் நானே பேசினேன். உளுந்து நல்ல சரக்கு என்றேன், "ஹொக்கே" என்றார். வீசைக்கு இன்ன விலை என்றேன், "ஹொக்கே". நாற்பது மூட்டை என்றேன், "ஹொக்கே". சனிக்கிழமை லாரி வரும் என்றேன், அதற்கும் "ஹொக்கே", கூடவே ஒரு சிரிப்பு. பெரிய வியாபாரம் முடித்துவிட்ட மிதப்பில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அவர் கடை வாசலில் லாரி நின்றபோது மனிதர் திகைத்துப்போனார். "நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், வாங்குகிறேன் என்று நான் சொல்லவில்லையே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆநாதே தாங்காமல் நாலு மூட்டை எடுத்துக்கொண்டார். டீயும் வாங்கிக் கொடுத்தார்.

மீதி 36 மூட்டையோடு லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பினேன். டிரைவர் பர்மாக்காரர். அவரிடம் முதலாளி திட்டப்போவதையும் என் சம்பளம் பிடிக்கப்படப்போவதையும் சொல்லிப் புலம்பிக்கொண்டே வந்தேன். அவர் வழி நெடுக "ஹொக்கே, ஹொக்கே" என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினார்.